கிழக்குக் கரை, மாலை ஆறு மணி

குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பவானி மேற்குக் கரையில். இந்த ஒரு வரிப் பூகோளத்தால் பவானிக்காரர்களுக்கு ஆற்றின் மேல் சூரிய உதயமும் நமக்கு அஸ்தமனமும் வாய்த்திருக்கின்றன. தறிச் சத்தத்திலிருந்து தப்பி மாலையில் ஆற்றோரம் வந்து உட்கார்ந்தால் அக்கரையில் கோயில் கோபுரமும் வடமேற்கே ஊராட்சிக்கோட்டை மலையும் கறுத்து நிற்கும். நடுவே தண்ணீர் முழுக்கச் சிவப்பு. (அந்தச் சிவப்பில் சூரியனின் பங்கு எவ்வளவு, சாயப்பட்டறையின் பங்கு எவ்வளவு என்பது தனி வழக்கு. இங்கே அதை எடுக்கவில்லை.)

காசு செலவில்லாத காட்சி. நானும் போய் உட்காருகிறவன்தான். எங்கே உட்காருகிறோம், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறோம் என்பது மட்டுமே இங்கே பேச்சு.

டிசம்பரில் ஆறு மணிக்கும் ஜூனில் ஏறக்குறைய ஆறே முக்காலுக்கும் இங்கே சூரியன் இறங்குகிறது. அதே நேரத்தில் மாநிலம் முழுக்க விளக்குகள் எரியத் தொடங்கும். சூரிய மின்சாரம் படுத்துவிடும், தேவையோ ஏறும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைக்காரர்களுக்குத் தெரியும்: மாலை 6 முதல் 10 வரை ‘பீக் ஹவர்’, யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம். அந்த நேரத்துத் தேவையை ஓடிவந்து சமாளிக்கக்கூடியது நீர்மின்சாரம். அனல் மின்நிலையம் குளிர்ந்து கிடந்தால் சூடேறி ஓட மணிக்கணக்காகும். நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம். நாம் ஆற்றைப் பார்க்க உட்காரும் நேரமும் ஆற்றுக்கு வேலை வரும் நேரமும் ஒன்றாகிப்போவது இப்படித்தான்.

நம் ஊருக்கு மேலே இருப்பது மேட்டூர் அணை மட்டுமல்ல. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையைத் தாண்டி வந்தால் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என நான்கு கதவணைகள். ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு. வெளியூர்க்காரர்கள் இவற்றையும் அணை என்றே சொல்வார்கள். அணைக்கு வயிறு பெரிது. மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. நிற்கும். கதவணைக்கு அந்த வயிறு கிடையாது. வருகிற தண்ணீரைக் கொஞ்சம் தேக்கி, எந்திரம் வழியாகக் கீழே விடும். எந்திரம் கொள்ளாத அளவு வந்தால் கதவைத் தூக்கும். வேறு வழி அதற்கு இல்லை.

ஒரு நாளைக்கு ஆற்றில் மொத்தம் எவ்வளவு வரும் என்பது பாசனக் கணக்கு. நீர்வளத் துறை முடிவு செய்கிறது, காலைச் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் எந்த மணியில் எவ்வளவு கதவணையைத் தாண்டும் என்பது செய்தித்தாளில் வராது. மின்பாதையில் ஒரு பழுது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எந்திரங்களும் நின்றுபோகும். அதுவரை அவற்றின் வழியே போன தண்ணீர் முதலில் மேலே தேங்கும். கீழே ஆறு வற்றினாற்போல் தெரியும். பிறகு கதவைத் தூக்குவார்கள். மழை இல்லை, மேட்டூரில் கூடுதலாகத் திறக்கவும் இல்லை, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. இருந்தாலும் உட்கார்ந்திருந்த பாறை முங்கும். ஊராட்சிக்கோட்டையிலிருந்து நம் கரை சில கிலோமீட்டர்தான்.

இது வெறும் யூகக் கதை என்று நினைப்பவர்கள் 2014 ஜூன் 8-ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை. இமாச்சலப் பிரதேசம், மண்டி மாவட்டம், பியாஸ் ஆறு. ஹைதராபாத் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்கள் மாலையில் வண்டியை நிறுத்தி, ஆற்றுப் படுகைப் பாறைகளில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குறைவு, பாறைகள் காய்ந்திருந்தன. மேலே லார்ஜி என்ற 126 மெகாவாட் நீர்மின் திட்டம். அங்கே கதவைத் திறந்தார்கள். மின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. உற்பத்தி குறைந்தால் தண்ணீர் வேறு வழியில் போக வேண்டுமே. 24 மாணவர்களும் உடன் வந்த சுற்றுலாப் பொறுப்பாளர் ஒருவரும் போனார்கள். உடல்களைத் தேடி முடிக்க வாரக்கணக்கானது. தண்ணீர் ஏறியபோது சிலர் பாறை நடுவில் ஒருவரை ஒருவர் பிடித்தபடி நின்ற காட்சி கைப்பேசியில் பதிவாகி நாடு முழுக்க ஓடியது. உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, பின்னர் இழப்பீடும் விதித்தது. அன்றைக்கு வெள்ளம் என்று எதுவும் கிடையாது. ஒரு நிலையம் தன் அன்றாட வேலையைச் செய்தது, அவ்வளவே.

கனஅடி என்ற சொல்லை தினமும் படிக்கிறோம், மனதில் ஏறுவதில்லை. ஒரு கனஅடி என்றால் விநாடிக்கு 28.3 லிட்டர். ஆற்றில் 10,000 கனஅடி போகிறது என்றால் ஒவ்வொரு விநாடியும் 2,83,000 லிட்டர் நம்மைக் கடக்கிறது. தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் விநாடிக்கு 23 லாரிகளுக்கு மேல். 10,000 என்பது பாசனக் காலத்தில் மிகச் சாதாரண எண். ‘ஆத்துல இன்னைக்குத் தண்ணி கம்மிதான்’ என்று சொல்லக்கூடிய நாள்.

2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. அதே கணக்கில் விநாடிக்கு 470 லாரிகள். இந்திரா நகர், கலைமகள் வீதி, மணிமேகலைத் தெரு என ஆற்றோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்கள் பாத்திரம் பண்டத்தோடு முகாம்களுக்குப் போனார்கள். 2018-லும் 2024-லும் ஆடி மாதம் பிறந்ததும் ஊர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அந்த நாட்கள் அவ்வளவு ஆபத்தானவை அல்ல என்பது என் கணிப்பு. வருவாய்த் துறை ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறது, படித்துறையில் போலீஸ் நிற்கிறது, தண்ணீரின் சத்தமே ஆளை விரட்டுகிறது. ஆறு சாதுவாக இருக்கும் நாளில்தான் ஆள் நடு ஆற்றுப் பாறை வரை போகிறான். போனவன் மேற்கைப் பார்த்து உட்காருகிறான். தண்ணீர் வருவது வடக்கிலிருந்து.

உட்கார்ந்தவனின் கண்ணில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். தண்ணீரில் தெறிக்கும் சூரியனை அரை மணி நேரம் பார்த்தவனின் கண்மணி சுருங்கியிருக்கும். இருட்டுக்கு முழுதாகப் பழக விழித்திரைக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது; மறைந்தபின் தரையில் தடம் தெரியும் வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். லண்டன்காரனுக்குக் கோடையில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். ஆக, கண் இருட்டுக்குத் தயாராகும்போது வெளிச்சம் தீர்ந்திருக்கும். திரும்பி நடக்கும்போது பாசிப் பாறை எது, காய்ந்த பாறை எது என்று பிரித்தறிய முடியாத அந்தக் கால் மணி நேரத்தில்தான் கால் வழுக்குகிறது.

மங்கலில் கண் முதலில் இழப்பது சிவப்பு நிறத்தை. சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை பகலில் தூரத்திலிருந்தே தெரியும். அந்தி மயங்கினால் அந்தச் சட்டை கறுப்பாகிப் பாறையோடு கலந்துவிடும். ஆழமும் ஏமாற்றும். ஒளி தண்ணீரில் வளைவதால் நேர் மேலிருந்து பார்க்கும்போதே எட்டடி ஆழம் ஆறடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. சூரியன் தாழ்ந்து மேற்பரப்பு மினுங்கும் நேரத்தில் அடி தெரியவே தெரியாது. மணல் அள்ளிய குழி எங்கே தொடங்குகிறது என்பதைக் கால்தான் கண்டுபிடிக்கும். வேகமாக ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு வந்தாலே நிற்பது கடினம். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வெள்ளத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அரை அடித் தண்ணீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்க்கும் என்பார்கள்.

கைப்பேசிப் படம் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2011 முதல் 2017 வரை உலகச் செய்திகளைத் தேடித் தொகுத்த ஓர் இந்திய ஆய்வு, செல்ஃபி எடுக்கப்போய் இறந்தவர்கள் 259 பேர் என்று கணக்கிட்டது. அதிகம் பேர் இந்தியாவில். காரணங்களில் முதலிடம் நீரில் மூழ்குதல்.

இனி ஊரைத் தாண்டிப் போகலாம். குமாரபாளையத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் நல்ல காட்சி தேடி ஆற்றோடு மேலே போகின்றன. பூலாம்பட்டியில் படகு. மேட்டூரில் மீன் வறுவல். இன்னும் துணிந்தவர்கள் கொளத்தூர் தாண்டிப் பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு. அல்லது சுற்றிக்கொண்டு ஒகேனக்கல்லுக்கு. அங்கே காவிரிக்கு வேறு குணம். பாலாற்றில் சோதனைச் சாவடி தாண்டினால் கர்நாடகம். 2013-ல் அறிவிக்கப்பட்ட மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம், சுமார் 906 சதுர கிலோமீட்டர். 2025 ஜூனில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சுண்டு செத்துக் கிடந்தது அந்தக் காட்டில்தான். ஒகேனக்கல் பக்கம் 2022 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம், 686 சதுர கிலோமீட்டர். அந்தியூர்ப் பக்கத்து மலைக்காடுகள் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டன. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மேட்டூர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி மேலே காவிரியின் இரு கரையும் பெரும்பாலும் விலங்குகளின் பட்டாவில் இருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கம் அந்தியில் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். பயம் வீரப்பன் மேல். 2004 அக்டோபர் 18-ஓடு அந்தப் பயம் முடிந்தது. அதோடு காட்டின் மேலிருந்த பயமும் போய்விட்டது. கணக்கில் எங்கோ பிழை.

யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். கோடையில் மலைக் குட்டைகள் வற்றினால் அதற்கு ஆறுதான். வெயில் தணிந்த பிறகுதான் கூட்டம் இறங்கும். குட்டி இருந்தால் கூட்டம் இன்னும் நெருக்கமாக வரும். நான்கு டன் எடையுள்ள விலங்கு சருகு மிதித்தும் சத்தம் கேட்காமல் வரும் என்பதை நேரில் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். அதன் பாதத்தின் உள்ளே மெத்தைபோல் கொழுப்பு இருக்கிறது. தண்ணீருக்கும் யானைக்கும் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் இதில் சிக்கல். காட்டில் எங்கோ எதிர்ப்பட்டால் அது விலகிப் போக வழி உண்டு. தாகத்தோடு தண்ணீருக்கு வந்த கூட்டத்துக்கு விலகிப்போக வேறு இடம் கிடையாது; நமக்குப் பின்னால் ஆறு.

முதலை வேறு மாதிரி. ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருப்பது சுற்றுலா போன பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கம்பி வேலிக்குள் வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, அதே விலங்கு வேலிக்கு வெளியே ஆற்றிலும் இருக்கிறது என்பதை மறந்து பாறையில் கால் தொங்கப் போடுகிறோம். காவிரியில் இருப்பது சதுப்பு நில முதலை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு. பகலில் மணல் திட்டில் வெயில் காயும். இரை தேடுவது பெரும்பாலும் இருட்டிய பிறகு, கரையோரத்தில், அசையாமல் காத்திருந்து. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெண் முதலை கரை மணலில் குழி தோண்டி இருபது முப்பது முட்டையிட்டுக் காவல் இருக்கும். தண்ணீர் குறைந்து மணல் திட்டு விரிந்து கிடக்கும் அதே மாதங்களில்தான் நாமும் அங்கே பாய் விரிக்கிறோம்.

குமாரபாளையம் படித்துறையில் முதலை இருக்கிறது என்று யாரையும் மிரட்டவில்லை. அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஆற்றுக்குக் கதவணை போட்டாலும் முதலைக்குப் போட முடியாது. திருச்சியில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் முதலை தென்பட்ட செய்தி அவ்வப்போது வருகிறது. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரைக் கிராமங்களில் ஆட்களையே இழுத்திருக்கிறது. வனத்துறை பிடித்துப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விட்டுக்கொண்டிருக்கிறது. முதலையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சத்தைத் திருப்பி அடித்து இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்ளும். சிறுத்தைக்கும் அப்படித்தான். நமக்கு அது இல்லை. மாலை ஆறே முக்கால் மணிக்கு ஆற்றங்கரையில் யார் பார்வையாளர், யார் காட்சி என்பது மாறிவிடுகிறது.

சரணாலய எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதையே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. எல்லைக் கல் எங்கே என்று கேட்காமல் ஆற்றோரம் நடந்தால் நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது வனக்காவலர் வந்து சொல்லும்வரை தெரியாது.

ஊருக்கே திரும்புவோம். இங்கே ஆற்றோரத்தில் உண்மையாகக் கவலைப்பட வேண்டிய விலங்கு பாம்பு. கோரைப்புல், சீமைக்கருவேலம், கரையில் கொட்டிய குப்பை, குப்பைக்கு எலி, எலிக்குப் பாம்பு. கண்ணாடி விரியன் அந்தியில்தான் புறப்படும். பெரும்பாலும் மிதிபட்டால்தான் கடிக்கும், மிதிப்பது சுலபம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. பாதி சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரை, காவிரியில் தண்ணீர் பெருகும் அதே மாதங்களில். செருப்பில்லாமல் மணலில் நடப்பது சுகம்தான். போகும்போது நடக்கலாம், திரும்பும்போது செருப்பும் டார்ச்சும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரில் ஒருவர் சிக்கினால் கத்துவார் என்று எதிர்பார்க்கிறோம். மூழ்குகிறவருக்கு மூச்சு விடவே வாய் போதாது. கத்த முடியாது, கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. தண்ணீரை அழுத்தியபடி, தலை பின்னால் சாய, ஏணி ஏறுகிறவர்போல் இருப்பார். விளையாடுகிறார் என்று கரையில் நிற்பவர்கள் நினைப்பார்கள். மூழ்கிப்போக ஒரு நிமிடம்கூட ஆகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கு மேல். இவர்களில் காப்பாற்றக் குதித்த அண்ணனும் மாமனும் எத்தனை என்பதற்குத் தனிப் பட்டியல் கிடையாது. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன செய்தியைப் படிக்காத கோடை நமக்கு உண்டா? நீச்சல் தெரிந்தவன்கூடக் குதிப்பதற்கு முன் எறியக் கூடியதை எறிய வேண்டும்: அவிழ்த்த வேட்டி, சேலை, மூங்கில், மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன். ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்று ஆளின் வாயைத் தண்ணீருக்கு மேலே வைக்கப் போதும்.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. உட்காருவதற்கு முன், தண்ணீர் தொடும் கோட்டில் ஒரு கல்லை வைப்பார்கள். பேச்சு ஓடும், வானம் சிவக்கும், நடுநடுவே கண் அந்தக் கல்லுக்குப் போய் வரும். தண்ணீரின் நிறம் கலங்கினாலோ, குச்சியும் சருகும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, வழக்கமான சலசலப்பு நின்றுபோனாலோ அவர்கள் கல்லைக்கூடப் பார்ப்பதில்லை. எழுந்துவிடுவார்கள், ஏன் என்று கேட்டால் மேலே ஏறிய பிறகு சொல்வார்கள்.

கல் வைத்து ஐந்து நிமிடத்தில் அதன் மேல் தண்ணீர் ஏறியிருந்தால் ஊராட்சிக்கோட்டையில் ஏதோ நடந்திருக்கிறது. சூரியன் இன்னும் ஒரு முழம் மேலே நின்றாலும் சரி, படியேறி மேல்படியில் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கிருந்தும் அதே சூரியன்தான், அக்கரையில் அதே கோபுரத்துக்குப் பின்னால்தான் இறங்குகிறது.